மூன்று வாரம் இலங்கையைச் சுற்றிவர

"ஒருமுறையாவது இந்த இலங்கை முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்" என்ற பேச்சு எழாத வீடு நமது நாட்டில் இராது. ஆயினும், அவ்விருப்பம் பெரும்பாலும் இரண்டு நாள் நுவரெலியாப் பயணமாகவோ, உறவினர் வீட்டுக் கலியாணத்தோடு சேர்த்து ஒரு கோயில் தரிசனமாகவோ முடிந்துவிடுகிறது. மூன்று வார காலத்தை முழுதாக ஒதுக்கி, முதியோரும் சிறியோரும் ஒன்றுகூடி, நாம் பிறந்த தீவை ஆறுதலாகச் சுற்றிவருவது எங்ஙனம் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

வடக்குத் தெற்காகச் சுமார் 432 கிலோமீற்றர் நீளமும், கிழக்கு மேற்காகச் சுமார் 224 கிலோமீற்றர் அகலமுங் கொண்டது இத்தீவு. இதைக் கண்டு, "மோட்டார் வண்டியில் நாலு நாளில் சுற்றிவிடலாமே" என்று இளைஞர் சொல்லக்கூடும். சுற்றிவிடலாம், பார்த்துவிட முடியாது. நமது மூதாதையர் இதனை நன்கறிந்திருந்தனர். வடக்கே செல்வச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பது. வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று தங்கித் தங்கி நடந்த அவ்வடியார்கள், நெடும்பயணத்துக்கு வேண்டிய முதற்பாடத்தை நமக்கு விட்டுச் சென்றுள்ளனர்: கூட்டத்தில் மெல்ல நடப்பவர் எவரோ, அவரது அடியே எல்லோருக்கும் அளவு.

இந்த அளவை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1956ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் செல்வதை நிறுத்தியது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான். நின்றபோது நாற்பது வயதினராய் இருந்தவர், அது திரும்பி வந்தபோது அறுபத்துநாலு வயதினராகி விட்டார். இன்று எழுபத்தைந்தை எட்டியிருப்பார். நாட்டைப் பார்க்க வேண்டிய வயதில் அவருக்குப் பாதைகள் மூடிக்கிடந்தன. பாதைகள் திறந்தபோது முழங்கால்கள் மறுக்கத் தொடங்கின. காலியில் வாழும் மூதாட்டி நயினாதீவைக் காணாததும், காரைநகரில் வாழும் மூதாட்டி கண்டியைக் காணாததும் இதனாலேயே. ஆதலால், மூன்று வாரப் பயணத்துக்கு உகந்த ஆண்டு எது என்று கேட்பீராயின், வீட்டுப் பெரியவரால் இன்னும் வண்டியில் ஏறி இறங்க முடிகின்ற ஆண்டே என்பேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி.

காற்றைக் கேளுங்கள்

காற்று என்றதும், திட்டத்தின் முதற்படி நினைவுக்கு வருகிறது. எங்கே செல்வது என்று தீர்மானிப்பதற்கு முன், எந்த மாதத்தில் என்பதைத் தீர்மானியுங்கள். இத்தீவில் எல்லா இடத்துக்கும் நல்ல மாதம் என்று ஒன்றில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அக்காலத்தில் கொழும்பு, காலி, இரத்தினபுரி, ஹற்றன் பகுதிகளில் மழை. தென்மேற்குக் கடல் கொந்தளிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது நமது வாடை. அப்போது கிழக்கிலும் வடக்கிலும் மழை. காலிக் கடலோ குளம்போல் அமைதியாய் இருக்கும். இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடியும் மின்னலும் எங்கும் உண்டு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கங்களையும் மறக்கலாகாது.

முழுச்சுற்றுக்கு நான் ஓகஸ்ட் மாதத்தையே தேர்வேன். வடக்கு, கிழக்கு, பழைய இராசதானிகள், ஊவா ஆகிய நான்கும் அப்போது ஈரமின்றி இருக்கும். தென்மேற்கை மட்டும் விட்டுவிட வேண்டும். காலியும் மாத்தறையும் எங்கும் ஓடிவிடா. தை மாதத்தில் இரண்டு நாள் தனியே சென்று வரலாம். பாடசாலைத் தவணைத் தேதிகள் அண்மைய ஆண்டுகளிலே பலமுறை மாறியுள்ளமையால், விடுமுறை மூன்று வாரம் நீளாமற் போகக்கூடும். அவ்வாறாயின் முதியோரும் ஓய்வுபெற்றோரும் முழுப்பயணத்தையும் செய்ய, பிள்ளைகள் பெற்றோருடன் புகையிரதத்தில் வந்து நடுவில் ஒரு வாரம் சேர்ந்துகொள்ளட்டும். அம்மம்மாவை ஒரு புகையிரத நிலையத்தில் தேடிக் கண்டுபிடிப்பதும் பிள்ளைகளுக்கு ஓர் உற்சவமே.

வட்டம் அன்று, வளைவு

இலங்கையைச் "சுற்றி" வருவதென்றாலும், கரையோரமாக முழுவட்டம் போட முடியாது. வடமேற்கே புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடையில் வில்பத்து வனம் கிடக்கிறது. தென்கிழக்கே யால, குமண வனங்கள் கிடக்கின்றன. கதிர்காம உற்சவ காலத்தில் உகந்தையிலிருந்து கால்நடையாகச் செல்லும் அடியார்களுக்கே அக்காட்டு வழி திறக்கப்படும். மற்றையோர் உள்நாட்டு வீதியாற் சுற்றிச் செல்ல வேண்டும். மறுபுறத்தில், முன்னர் படகுப்பாதையை எதிர்பார்த்துக் காத்துக்கிடந்த இடங்கள் இன்று எளிதாகிவிட்டன. கிண்ணியாப் பாலம் 2009இலும், சங்குப்பிட்டிப் பாலம் 2011இலும் திறக்கப்பட்டன.

கொழும்பிலிருந்து புறப்படும் குடும்பம் ஒன்றுக்கு இருபத்தொரு இரவுகளைப் பின்வருமாறு பங்கிடலாம். அநுராதபுரத்தில் இரண்டு, யாழ்ப்பாணத்தில் ஐந்து, திருகோணமலையில் மூன்று, பொலநறுவையில் ஒன்று, மட்டக்களப்பில் மூன்று, கதிர்காமத்தில் இரண்டு, பண்டாரவளையில் நான்கு, கண்டியில் ஒன்று. வேறு ஊரிலிருந்து புறப்படுவோர் இவ்வளையத்தில் தமக்கு அண்மையான இடத்திற் சேர்ந்துகொள்ளலாம். எட்டு இடங்கள் மட்டுமா என்று வியப்போர் இருப்பர். மூன்று வாரத்தில் பதினெட்டு இடங்களுக்குச் செல்வோர், மூட்டை கட்டுவதையும் மூட்டை அவிழ்ப்பதையுமே பார்த்துத் திரும்புவர்.

அநுராதபுரத்தில் செருப்பின்றியே வழிபாட்டிடங்களைச் சுற்ற வேண்டும். வெயில் ஏறிய கல் முதியோர் பாதத்தைச் சுட்டுவிடுமாதலால், ஸ்ரீ மகாபோதியையும் ருவன்வெலிசாயவையும் காலை எட்டு மணிக்குள் தரிசித்துவிடுங்கள். பூரணை நாளில் அங்கே சனத்திரள் பெருகும். நாட்காட்டியில் அந்நாளைக் குறித்துக்கொண்டே இரவுகளைப் பங்கிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு ஐந்து இரவுகள் கொடுத்ததற்கு நல்லூர்க் கந்தனே காரணம். இருபத்தைந்து நாள் நடைபெறும் உற்சவம், ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவெய்தும். தேர் அதற்கு முதல்நாள். தேருக்குப் போவதாயின் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்னரே ஒழுங்கு செய்தல் வேண்டும். நெரிசலைத் தாங்காத முதியோருக்கு, தொடக்க நாட்களின் மாலைப் பூசையே ஆறுதலானது. நெடுந்தீவுப் படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். சோளகம் வலுத்த நாளில் அதில் முதியோரை ஏற்றாதீர்கள். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு குறுகிய பயணம். நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே தீவில் அடுத்தடுத்து இருப்பதைப் பிள்ளைகள் கண்ணாற் காண்பது, நூறு பாடங்களுக்குச் சமம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குத் திரும்பி, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை சேரலாம். கோணேசர் மலையிலிருந்து காலையிலே கடலைப் பார்ப்பதும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீர் அள்ளிக் குளிப்பதும் அங்கே போதும். அடுத்து ஹபரணை வழியாகப் பொலநறுவை. வழியில் மின்னேரியாக் குளத்து நீர் வற்றிப் புல் தளிர்க்கும் இம்மாதத்தில் யானைகள் கூட்டங் கூட்டமாய் வந்து மேய்வது உலகப் புகழ்பெற்ற காட்சி. பொலநறுவையில் கல்விகாரையோடு நின்றுவிடாதீர்கள். 11ஆம் நூற்றாண்டிற் சோழர் எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்னும் கல்லாய் நிமிர்ந்து நிற்கிறது. சிகிரியாவையும் சேர்த்துக்கொள்வோர், அங்குள்ள சுமார் 1,200 படிகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இளையோர் ஏறி இறங்கும்வரை அம்மம்மா அடிவாரத்து நீர்ப்பூங்காக்களில் உலாவியிருக்கலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

மட்டக்களப்பில் பகல் முழுவதும் கச்சான் காற்று அனலாய் வீசும். வெளியே அலையாமல், மாலையில் வாவிக்கரை செல்லுங்கள். நிலவு நாளாயின் கல்லடியிலே பாடுமீனின் ஓசைக்காகப் படகில் காத்திருக்கும் அனுபவம் கிடைக்கும். அங்கிருந்து பொத்துவில், மொனராகலை, புத்தளை வழியாகக் கதிர்காமம். புத்தளைக்கும் கதிர்காமத்துக்கும் இடையில் யானைகள் வீதியில் நிற்குமாதலால், பிற்பகல் மூன்று மணிக்கு முன் அவ்வழியைக் கடந்துவிடுங்கள். யானைக்குப் பழம் கொடுக்கப் பிள்ளைகளை அனுமதியாதீர்கள்.

கதிர்காம வெயிலுக்குப் பின் மலைநாடு. நுவரெலியாவை விடுத்துப் பண்டாரவளையைச் சொன்னதற்கும் காற்றே காரணம். தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்குச் சரிவிற் பொழிந்துவிட்டு, மலைமுடியைத் தாண்டி வறண்ட காற்றாய் ஊவாவில் இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலை தனி மணம் பெறுவதும் அவ்வறட்சியினாலேயே. நனுஓயாவில் குடை பிடிக்கும் அதே நாளில் பண்டாரவளையில் வெயிலில் உடுப்பு உலர்த்தலாம். ஆனால் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வந்த டித்வா சூறாவளி, நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டதோடு, மலைநாட்டு வீதிகளையும் புகையிரதப் பாதையையும் பெரிதும் சிதைத்தது. ஆதலால் எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது, எவ்வீதி திறந்திருக்கிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் விசாரித்தறிந்த பின்னரே மலையேறுங்கள். கண்டியில் ஓகஸ்டிலே பெரும்பாலும் பெரஹரா நடைபெறும்; அதன் கடைசி நாட்களில் அறை கிடைப்பது அரிது. அந்நாட்களோடு உங்கள் தேதி மோதினால், கண்டியை விட்டுப் பண்டாரவளையில் ஓர் இரவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டை வீட்டிலே விடுங்கள்

இனித் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். நமது குடும்பங்கள் பயணம் போகும்போது அடுப்பும், சட்டி பானையும், அரிசி மூட்டையும் வண்டியில் ஏறும். வீட்டில் சமைத்தவள் மடத்திலும் சமைப்பாள். மற்றவர் கடல் பார்க்கையில் அவள் பாத்திரம் கழுவுவாள். மூன்று வாரம் இவ்வாறு நடந்தால் அதற்குப் பெயர் சுற்றுலா அன்று, வீடு மாற்றம். செலவில் எதைக் குறைத்தாலும், அவளுக்குரிய ஓய்வைக் குறைக்கலாகாது. காலையில் கடை இடியப்பமும் சம்பலும், மதியத்தில் சோற்றுப் பார்சலும் போதும். இடைப்பசிக்குப் பயற்றம் பணியாரமும் எள்ளுருண்டையும் ஒரு தகரப் பேணியிற் செய்து கொண்டுபோனால் பல நாட்களுக்குக் கெடாமல் இருக்கும்.

முதியோருடைய மருந்துகளை மூன்று வாரத்துக்கன்று, நாலு வாரத்துக்கு எடுத்து, இரண்டு பைகளிற் பிரித்து வையுங்கள். கிளினிக் கொப்பியும் உடன் வரட்டும். ஜீவனிப் பொதிகள் சில, நுளம்புக்குரிய பூச்சுத் தைலம், கொதித்தாறிய நீர் ஆகியன எப்போதும் கையருகே இருத்தல் வேண்டும்.

வாடகை வான் அமர்த்துவோர் சாரதியையும் குடும்பத்தில் ஒருவராய் எண்ணுதல் கடன். அவருக்கு வேளைக்கு உணவும், படுக்கக் கட்டிலும் கொடுக்காத குடும்பம், தன் பிள்ளைகளின் உயிரையே பணயம் வைக்கிறது. நாளொன்றுக்கு நாலு அல்லது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டமில்லை. இருட்டிய பின் ஓட்டமே இல்லை. இவ்விரு விதிகளையும் புறப்படுமுன் யாவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செலவை வண்டி, தங்குமிடம், உணவு என மூன்றாகக் கணக்கிட்டு, மொத்தத்தில் காற்பங்கை எதிர்பாராதவற்றுக்கென ஒதுக்குங்கள். அவ்வாறே நாட்களிலும் ஒதுக்கீடு வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் எவ்விடத்துக்கும் போகாத நாளாக இருக்கட்டும். உடுப்புத் தோய்ப்பதற்கும், கால் வீக்கம் வடிவதற்கும், மழைக்குத் தப்புவதற்கும் அந்நாள் உதவும். ஒன்றும் நேராவிடின், வாடிவீட்டு விறாந்தையில் அமர்ந்து அம்மப்பா பழங்கதை சொல்லட்டும். அவர் பதவியேற்ற முதற் பாடசாலை எந்தக் கிராமத்தில் இருந்தது, யாருடன் சைக்கிளில் திருகோணமலை போனார் என்பனவெல்லாம் அன்றுதான் வெளிவரும்.

ஆகவே அன்பர்களே, இன்று மாலை ஒரு நாட்காட்டியையும் இலங்கைப் படத்தையும் மேசைமேல் விரியுங்கள். இளையோர் தாம் கேள்வியுற்ற இடங்களையெல்லாம் உடனே கூவுவர். அவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். "நீங்கள் பார்க்க நினைத்து இதுவரை பார்க்காத இடம் எது?" என்று வீட்டில் வயதில் மூத்தவரிடம் முதலிற் கேளுங்கள். அவர் சொல்லும் ஊரைப் படத்தில் வட்டமிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி ஒழுங்கு செய்யுங்கள்.