பாலையென்று பழிக்கப்பட்ட புல்வெளி

ராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துகிடக்கும் பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் பயணம் திட்டமிடும் இலக்கிய நண்பர்கள் சிலரை நாம் அறிவோம். ஆறு மாதத்துக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடும். எந்த மாதத்தில் வெயில் தாங்கும், அனுமதியை எங்கே பெறுவது, தண்ணீர் எவ்வளவு கொண்டுபோவது, கானமயில் எந்தப் பக்கம் தென்படக்கூடும் என்று விசாரித்தே ஒரு குறிப்பேட்டை நிரப்பிவிடுவார்கள். திரும்பி வந்ததும் பாலைத்திணை குறித்து ஒரு நீண்ட கட்டுரை நிச்சயம். இதில் நமக்குப் பூசல் ஏதுமில்லை. இதே நண்பர்கள் கொடைக்கானலுக்கு எப்படிப் போகிறார்கள் என்பதில்தான் பூசல். வெள்ளிக்கிழமை இரவு முடிவெடுத்து, சனிக்கிழமை காலை வத்தலக்குண்டில் காபி குடித்து, மதியம் ஏரிக்கரையில் மக்காச்சோளம் கடித்து, மறுநாள் பைன் மரங்களுக்கிடையே நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பாலைவனத்துக்கு அளிக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பழனி மலைக்கு அளிக்க வேண்டாமா என்பதே நம் கேள்வி.

தொல்காப்பியர் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றவர் இளங்கோவடிகள். இதை ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லிவிட்டு விடைத்தாளில் மதிப்பெண்ணும் போடுகிறோம். ஆனால் நம் கண்முன்னே ஒரு குறிஞ்சி நிலம் இயல்பு திரிந்துகொண்டிருக்கும்போது அதை அடையாளம் காண நமக்குத் தெரியவில்லை. காரணம் எளிது. இங்கே திரிபு வெயிலால் நேரவில்லை, பசுமையால் நேர்ந்திருக்கிறது. பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நம்பப் பழகிய கண்ணுக்கு இது புலப்படாது.

பழனி மலையின் மேற்பரப்பு இயல்பாகவே இரண்டு முகம் கொண்டது. மலைமடிப்புகளில் நீரோட்டத்தை ஒட்டிச் சோலை, சரிவுகளிலும் முகடுகளிலும் புல். காட்டை வெட்டியதால் வந்த புல் அல்ல இது. அண்டையிலுள்ள நீலகிரியின் சதுப்புப் படிவுகளை ஆராய்ந்தவர்கள், இவ்வகைப் புல்வெளிகள் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று காட்டியிருக்கிறார்கள். மழைநீரை வாங்கி வைத்து மெதுவாக ஓடைகளுக்கு விடுவதில் இந்தப் புல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. பழனியிலும் பெரியகுளத்திலும் குழாயைத் திறப்பவருக்கு இந்தச் செய்தி ஒருபோதும் சொல்லப்பட்டதில்லை.

வெள்ளைக்கார வனத்துறை இந்த நிலத்தைப் பார்த்து ‘வெறும் நிலம்’ என்றது. மரமில்லாத இடம் பயனற்ற இடம் என்பது அவர்களுடைய கணக்கு. சுதந்திரம் வந்தது, கணக்கு மாறவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரம், ரேயான் கூழுக்காகத் தைல மரம், இவற்றோடு பைன் என்று புல்வெளியின் மேல் மரங்களை நட்டுக்கொண்டே போனோம். 2018ஆம் ஆண்டு வெளியான செயற்கைக்கோள் படங்களின் ஆய்வு ஒன்று, நாற்பதாண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதென்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதியை விழுங்கியவை மரத்தோட்டங்களும் விவசாயமும். தார்ப் பாலைவனத்தின் கதையும் வேறல்ல. அங்கும் சேவண் புல் விளையும் நிலம் அரசு ஏட்டில் ‘தரிசு’ என்றே அழைக்கப்படுகிறது. தரிசுதானே என்று மின்கம்பிகளை இழுக்கிறார்கள். எஞ்சியிருக்கும் கானமயில்கள் அவற்றில் மோதிச் சாகின்றன. அங்கே போய்க் கண்ணீர் விடும் நம் நண்பர் இங்கே பைன் காட்டில் நின்று ‘இயற்கையின் மடியில்’ என்று எழுதுவதை எந்தத் திணையில் சேர்ப்பது?

சினிமா செய்த உபகாரத்தையும் சொல்லியாக வேண்டும். 1991இல் வந்த ‘குணா’வுக்குப் பிறகு அந்தக் குகைக்குப் படப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஓடியதும் கூட்டம் பல மடங்காயிற்று. அதே ஆண்டு மே 7 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு, வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று நீதிமன்றம் வரம்பிட்டது. நல்லதுதான். ஆனால் நாளுக்கு 6,000 வாகனம் என்பதே கட்டுப்பாடு ஆகும் மலையில், கட்டுப்பாடு இல்லாத நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளட்டும். இ-பாஸ் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணும். எதைப் பார்க்க வருகிறார்கள் என்று அது கேட்காது.

அப்படியானால் எப்படித் திட்டமிடுவது? பாலைவனத்துக்குத் திட்டமிடுவதைப் போலத்தான். ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிட வேண்டும். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். மலை நகரில் பிளாஸ்டிக் போத்தலை நம்பக் கூடாது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி இன்றிப் போக முடியாது. அனுமதிக்கப்படும் வாகனங்களும் சிலவே. யானை நடமாட்டம் இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் முணுமுணுக்காமல் திரும்ப வேண்டும். யானையின் ஊருக்குத்தான் போகிறோம். போகும் வழியில் மதிகெட்டான் சோலை வரும். அங்கே புகுந்தவர் மதிமயங்கி வழி தவறுவர் என்பது பழங்கதை. இன்று மயங்கத் தேவையில்லை, எது சோலை எது தோட்டம் என்று பிரித்துப் பார்த்தால் போதும். வரிசையாக, ஒரே உயரத்தில், கீழே சருகு மட்டும் கிடந்தால் அது மனிதன் நட்டது. கே. எம். மேத்யூ பாதிரியாரின் ‘பழனி மலைத் தாவரவியல்’ 1999இல் மூன்று தொகுதிகளாக வந்தது. ஆங்கில நூல்தான். பாலைவனப் பறவைகளுக்கு ஆங்கிலக் கையேடு வாங்குகிறவர்கள் ஒரு கல்லூரி நூலகத்தில் இதைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

‘சாமானியன் மலைக்கு வரக் கூடாது என்கிறீர்களா?’ என்று ஒரு தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. ஆனால் பேருந்தில் வந்து இரண்டு நாள் தங்கிப் போகும் குடும்பத்தைக் குறித்து நாம் பேசவில்லை. நான்கு பேருக்கு ஒரு பெரிய கார், முகட்டில் இரண்டாவது வீடு, புல்சரிவில் கூடாரம் என்று வரும் வர்க்கத்தைக் குறித்துப் பேசுகிறோம். நம் வாசகர்களில் பலரும் அந்த வர்க்கத்தார். மலையில் பல தலைமுறையாக வாழும் பளியர்கள், தாங்கள் வாழ்ந்த காட்டில் உரிமை நிலைநாட்ட 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. நமக்கோ கடன் அட்டையைக் காட்டினால் போதும்.

சீகை மரங்களை நாளையே வெட்டி எறிந்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். வெட்டினாலும் எரித்தாலும் கூட்டமாக முளைக்கும். பழைய தோட்டங்களின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகளும் தலைகாட்டுகின்றன. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். பழனி மலைக்குத் தேசியப் பூங்கா வேண்டும் என்ற குரல் நெடுங்காலம் ஒலித்தது. கிடைத்தது 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம், சுமார் 600 சதுர கிலோமீட்டர். அதன் எல்லைப் பலகையைப் பார்த்த நினைவாவது நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்தது 2030. அந்த ஆண்டுக்கு இப்போதே விடுதி அறை தேடும் நண்பர்கள் இருக்கிறார்கள். குறிஞ்சி பைன் மரத்தடியில் பூப்பதில்லை. திறந்த சரிவில், புல்லுக்கு நடுவே பூக்கும் செடி அது. எந்தச் சரிவில் என்பதையும் அவர்கள் இப்போதே தேடிவைப்பது நல்லது.