புலி ஏன் சாகவேண்டும்?

மைசூருப் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் புண்ணியகோடி என்ற பசுவின் கதையைச் சொல்லும். இடையன் காளிங்கனின் மந்தையிலிருந்து பிரிந்த அந்தப் பசுவை அர்புதன் என்ற புலி மறிக்கிறது. கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் போன பசு, சொன்னபடியே திரும்பி வருகிறது. அதைத் தின்ன மனமில்லாத புலி மலையிலிருந்து குதித்து உயிரை விடுகிறது. ‘கோவின ஹாடு’ என்று தலைமுறைகளாகப் பாடப்பட்டு வந்த இந்தக் கதை இப்போது வண்ணப் படங்களோடும் கிடைக்கிறது.

ஆனால் வகுப்பில் பல நேரம் படங்களை மளமளவென்று புரட்டிவிட்டு, “உண்மையே பேச வேண்டும்” என்று பிள்ளைகளை ஒரே குரலில் சொல்லவைத்துப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுகிறோம். இது அநியாயம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் படம் தெரியும். கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காரும் ஊர் இது. கன்று மடியை முட்டும் பக்கத்தில் நிறுத்தி அவரவர் பேச்சில் சொல்லச் சொன்னால், “இனிமே கன்னுக்குட்டிய யாரு பாத்துக்குவாங்க?” என்று ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்கக்கூடும். கதைக்குள்ளும் தாய்ப்பசுவுக்கு அதே கவலைதான். கூடப்பிறந்த பசுக்களிடம்தான் கன்றை ஒப்படைத்துவிட்டுப் போகிறது.

ஆடிப்பாடிக் கற்கும் ‘நலி கலி’ முறை 1995இல் தொடங்கியது மைசூரு மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டையில். நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளை ஒட்டிய வட்டம். மாட்டைப் புலி அடித்துப் போட்ட வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கிறது. காட்டிலாகாவில் வேலை பார்ப்பவரின் பிள்ளையும் படிக்கிறது. இந்தக் கதையை அங்கே சொன்னால், புலி செத்தது சரிதான் என்று ஒன்று சொல்லும், பசித்த புலி வேறென்ன தின்னும் என்று மற்றது கேட்கும். நீதி வாக்கியத்தைச் சொல்லி இந்தச் சண்டையை நாம் அடக்கக் கூடாது.

கதை இப்படித்தான் முடிய வேண்டும் என்றும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ இருக்கிறது. நபிகள் பிணை நிற்க, வேடனிடம் சிக்கிய மான் தன் குட்டியிடம் போய்விட்டுத் திரும்புகிறது. அங்கே வேடன் சாவதில்லை, மனம் மாறுகிறான். இரண்டு கதைகளையும் ஒரே வாரத்தில் சொல்லிப் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பசு திரும்பி வரும் படத்தோடு புத்தகத்தை மூடிவிடுங்கள். புலி என்ன செய்தது என்பதைப் பிள்ளைகளே வரையட்டும். அந்தத் தாள்களை எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழின் நடுப்பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.