சிலுவை, சின்னம் அல்ல!

தம்பி! தேர்தல் வந்தால் போதும், 'கிறித்தவர் வாக்கு எவ்வளவு, எந்தப் பக்கம்?' என்று கணக்குப் போடக் கிளம்பிவிடுகின்றனர், தலைகளை எண்ணத் தெரிந்த தந்திரக்காரர்கள்! கெலமங்கலத்து உழவனும் ஓசூர் ஆலைத் தொழிலாளியும் அவர்களுக்கு மனிதரல்லர். மதவாரியாகக் கட்டிய மூட்டைகள்!

மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது முறைகேடு என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் முறைகேடே என்று 2017இல் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் தடுப்பது மத வாணிபத்தை, மனச்சாட்சியை அன்று!

அந்த மனச்சாட்சிக்கு ஏசுநாதர் சொன்ன கதை ஒன்று போதும். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவர் குருமார். குனிந்து காயம் கட்டியவன், ஒதுக்கப்பட்ட சமாரியன். வாக்குச்சாவடியில் எழவேண்டிய கேள்வி, 'வேட்பாளர் நம்மவரா?' என்பதல்ல; 'விழுந்தவனைத் தூக்குபவரா?' என்பதே!

விழுந்தவன் யார்? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களோடு நிறுத்திற்று. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவரான ஆதிதிராவிடருக்கோ திறக்கவில்லை! தீண்டாமை மதம் கேட்டா வருகிறது? திருச்சி மேலப்புதூரில், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச் சுவர் எழுந்ததே!

கதவைத் திறக்கக் கோரி 2023 ஏப்ரல் 19இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று. பட்டியலைத் திருத்தும் அதிகாரமோ நாடாளுமன்றத்தின் கையில்!

ஆகவே, கிருஷ்ணகிரித் தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோரிடம், கெலமங்கலத்தான் எம்மதத்தவனாயினும் கேட்கட்டும்: 'அந்தக் கதவைத் திறக்க அங்கே கை தூக்குவீரா?' பதிலைக் கேள். பிறகு பொத்தானை அழுத்து, தம்பி!