யார் கை இது?

பூட்டிக் ஹோட்டல் என்றால் பூட்டிக் கிடக்கும் ஹோட்டல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். பத்துப் பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றும் ஒரு தினுசு. வாடகை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே தினுசு - எக்கச்சக்கம்!

1984-ல் நியூயார்க்கில் இயான் ஷ்ரேகர், ஸ்டீவ் ருபெல் என்ற இரண்டு பேர் 'மார்கன்ஸ்' ஹோட்டலைத் திறந்தார்கள். இந்த வகையின் முன்னோடிகளில் அது ஒன்று. அறைச் சுவர்களில் காலண்டர் நீர்வீழ்ச்சியை மாட்டாமல், ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை மாட்டினார்கள். சின்ன ஹோட்டல் என்றால் சுவரில் 'ஆர்ட்' வேண்டும் என்றாகிவிட்டது.

பாண்டிச்சேரியில் பழைய வீட்டை ஒன்பது அறை ஹோட்டலாக்கிய நண்பருக்கும் வேண்டியிருந்தது. ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் கேமராவும் கையுமாக அலைகிற என்னைப் பிடித்தார். "லைட் ஹவுஸ், மஞ்சள் சுவர், சைக்கிள் இதெல்லாம் வேணாம் சார். எல்லாரும் மாட்டிட்டாங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். பெரிய மார்க்கெட்டில் ஓர் ஆயா கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். கையை மட்டும் எடுத்தேன். முகம்தான் இல்லையே, எதற்கு அனுமதி?

24 மெகாபிக்ஸல் படத்தில் நீளவாக்கில் 6000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 என்று அச்சிட்டால் 20 அங்குலம்தான் வரும். சுவர்ப் படத்தை யாரும் மூக்கால் தொட்டுப் பார்ப்பதில்லை. 150 போதும், 40 அங்குலம் கிடைக்கும். பளபளா பேப்பர் என்றால் ஆயா கையில் ஜன்னல் தெரியும். ஆகவே மேட். மாட்டி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

தண்ணீர் பாட்டில் வைக்க வந்த ரூம் பையன் அப்படியே நின்றான். "சார், இது எங்க ஆயா கை!"

"எப்படிப்பா தெரியும்?"

"கட்டை விரல் நகத்தைப் பாருங்க. ஆட்டுக்கல்லுல நசுங்கினது."

குறுகுறுத்தது. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினேன். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம் என்கிறது 17-வது பிரிவு. ஆக, நண்பருக்குப் படம், எனக்குக் காசு. கைக்குச் சொந்தக்காரருக்கு? அந்தப் பிரிவில் அவர் பேச்சே இல்லை.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பிரின்ட்டோடு போய் ஒப்புக்கொண்டேன். ஆயா தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. அந்த ரூம் எவ்ளோ தம்பி?"

"ராத்திரிக்கு ஆறாயிரம் ஆயா."

"இதே கையில பூ வாங்கறவங்க, முழத்துக்கு அஞ்சு ரூபா குறைன்றாங்களே!"

நண்பரிடம் அப்படியே ஒப்பித்தேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். இப்போது ஒன்பது அறைக்கும் தினமும் பூ ஆயாவிடம்தான். பேரம் கிடையாது. படத்துக்குக் கீழே ஆயா பெயரும் ஏறிவிட்டது. இந்த முறை கேட்டுத்தான் போட்டோம்.

என் பெயர் இல்லை. ஏன் என்று பையனிடம் கேட்டேன். "நீங்க பட்டனைத்தானே சார் அமுக்கினீங்க?" என்றான்.