படியேறி வந்து கேளுங்கள்

காய்ச்சல் இருக்கிறதா, சளி இருக்கிறதா, வீட்டில் வயசானவர்கள் யாராவது இருக்கிறார்களா? 2020-ல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மாதங்களில், சென்னை மாநகராட்சியின் ஆட்கள் வீடு வீடாக வந்து இதைக் கேட்டார்கள். ஒருவர் இருவரல்ல, ஆயிரக்கணக்கானவர்கள். கையில் நோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் மாஸ்க். குடிசையையும் விடவில்லை, நாலாவது மாடியையும் விடவில்லை. 2021 செப்டம்பரிலிருந்து மெகா தடுப்பூசி முகாம்கள். வர முடியாதவர்களைத் தேடி ஊசியே வீட்டுக்குப் போனது. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். வேட்பாளர்கள் காலையிலும் மாலையிலும் மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள்.

இத்தனைக்கும் வழிவிட்ட கொரோனா, ஒரே ஒரு வேலைக்கு மட்டும் குறுக்கே நின்றது. இடித்துக் கட்டப்போகும் வீட்டில் குடியிருப்பவரைப் பார்த்து, 'உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும், நடுவில் எங்கே போய் இருப்பீர்கள்?' என்று கேட்கிற வேலைக்கு!

அந்தத் தேர்தல் நேரத்தில் வட சென்னையில் ஒரு பழைய அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். படிக்கட்டுச் சுவரில், மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடம் இடித்துக் கட்டப்படும். தொற்றுக் காலம் என்பதால் கூட்டம் கிடையாது. கருத்துகளை இணைய முகவரியில் பதியலாம். ஏழு நாள் கெடு. முகவரி ஒன்றரை வரி நீளம், அத்தனையும் ஆங்கில எழுத்து. பாதித் தாளில் பசை ஊறி எழுத்து கலங்கிப்போயிருந்தது.

மூன்றாவது மாடியில் இருக்கும் அம்மா, தள்ளுவண்டியில் இட்லி போடுகிறவர். அவரிடம் இருப்பது பட்டன் போன். "ஓட்டு கேக்கிறவங்க மாடியேறி வர்றாங்க. வூட்டப் பத்திக் கேக்க மட்டும் போன்ல அமுக்கச் சொல்றாங்களே சார்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வீட்டில் அவர், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரக் குழந்தைகள். ஒதுக்கீட்டு ஆணை இன்னும் காலமான மாமனார் பேரில். புது வீடு யார் பேரில் வரும்? கல்யாணமான இரண்டு மகன்களுக்கும் சேர்த்து ஒரே வீடுதானா? லிஃப்ட் நின்றுபோன நாளில் மாவுத் தூக்கை எப்படி இறக்குவது? இப்போது படிக்கட்டுக்குக் கீழே சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் தள்ளுவண்டியை நாளைக்கு எங்கே நிறுத்துவது? வண்டிக்கு இடம் இல்லாத கட்டடம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு இல்லாத கட்டடம். இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அந்த இணையப் படிவத்தில் இல்லை. என் போனில் திறந்து பார்த்தேன். பெயர், கதவு எண், 'சம்மதம்' அல்லது 'சம்மதம் இல்லை'. அவ்வளவுதான்.

பழைய கட்டடங்களை இடிக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு சரிந்து விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். ஓர் உயிரும் போகவில்லை. காரணம், விரிசலைப் பார்த்து உஷாராகி ஜனங்கள் முன்னதாகவே வெளியேறியதுதான். அதற்கு நான்கு மாதம் முன்பு புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புத்தம்புதுக் கட்டடத்தின் பூச்சு தொட்டால் உதிர்ந்தது. அதையும் முதலில் விரலால் சுரண்டிக் காட்டியவர்கள் அங்கே குடியேறியவர்கள்தான்; ஐ.ஐ.டி. நிபுணர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, எந்தக் குழாய் எப்போது அடைக்கும் என்று குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். வரைபடம் போடுகிறவர் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அவர்கள் வீட்டுத் திண்ணை.

காலி செய்து போகிறவர்களுக்கு அரசு தரும் தொகை அப்போது 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆகியிருந்தது. வரவேற்கிறோம். கட்டி முடிக்க ஒன்றரை வருடம் என்றே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னையில் எட்டுப் பேருக்கு இந்த வாடகையில் எங்கே வீடு கிடைக்கும்? அட்வான்ஸ் எத்தனை மாதத்துக்குக் கேட்பார்கள்? பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரமாகிவிடும்? எதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் முதல் பத்து நிமிடத்தில் இந்தக் கணக்கு வெளியே வந்திருக்கும்.

தொற்றுக் காலத்தில் கருத்துக் கேட்கிற லட்சணத்தை டெல்லியும் காட்டியது. 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவைக் கொண்டுவந்தார்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். எட்டாவது அட்டவணை மொழிகளிலெல்லாம் வெளியிடச் சொல்லி, ஆகஸ்ட் 11 வரை அவகாசம் தந்தது டெல்லி உயர் நீதிமன்றம். ஜனங்களுக்குப் புரிகிற மொழியில் கேளுங்கள் என்று சொல்வதற்கு ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

நேரில் கூடிப் பேசக் கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம சபை இருக்கிறது. 2020 அக்டோபர் 2-ல் கொரோனாவைச் சொல்லிக் கடைசி நேரத்தில் ரத்து செய்தபோது தமிழ்நாடே சத்தம் போட்டது. 2021 அக்டோபர் 2-ல் முதல்வரே பாப்பாபட்டி கிராம சபையில் போய் உட்கார்ந்தார். நகரத்தில் இருந்தவருக்கு ரத்து செய்வதற்குக்கூட அப்போது ஒரு சபை இல்லை. பகுதி சபை, வார்டு குழு என்று 2010-லேயே சட்டத்தில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வருடமாகியும் அப்போது விதிமுறை வந்திருக்கவில்லை. கவுன்சிலரிடம் போய்ச் சொல்லலாமென்றால், 2016 அக்டோபரிலிருந்து அந்தத் தேர்தல் வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. பகுதி சபை என்று ஒன்று இருந்திருந்தால் அந்தக் குடியிருப்பின் அம்மன் கோயில் வாசலில், பத்துப் பத்துப் பேராக, இடைவெளி விட்டு நிற்க வைத்தே பேசி முடித்திருக்கலாம். தினமும் தண்ணீர் லாரிக்கு அவர்கள் அப்படித்தான் குடத்தை வரிசை போட்டு நிற்கிறார்கள்.

ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர்களே, நீங்கள் ஏறும் படிக்கட்டுச் சுவரைத் திரும்பிப் பாருங்கள். இப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தால், 'நான் ஜெயித்து வந்தால் நேரில் கேட்காமல் ஒரு செங்கல்லையும் எடுக்க விடமாட்டேன்' என்று அந்த வாசலிலேயே சொல்லுங்கள். அதிகாரிகளே, காய்ச்சல் கணக்கெடுத்த அந்தப் பெண்களும் பையன்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார், எத்தனை பேர் என்று அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் கையில் மறுபடி நோட்டைக் கொடுங்கள்.

நான் பார்த்த தாளில் போட்டிருந்த கெடு ஏழே நாள். அப்படிப்பட்ட கெடுவைத் தள்ளிவையுங்கள். மூன்றாவது மாடி அம்மா காலை பத்து மணிக்கு வண்டியைக் கழுவிச் சங்கிலி போட்டுவிடுவார். அதற்குப் பிறகு மாவாட்டும் நேரம் வரை வீட்டில்தான் இருப்பார்.