டிரினிட்டி கற்பிக்கும் பாடம்

அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள பாலைநில மாநிலம் நியூ மெக்சிகோ. ஒயிட் சாண்ட்ஸ் என்னுமிடத்தில் வெண்ணிற ஜிப்சம் மணற்குன்றுகள், கார்ல்ஸ்பாடில் கந்தக அமிலம் சுண்ணாம்புப் பாறையை அரித்து உண்டாக்கிய குகைகள் எனக் காணத்தக்க இடங்கள் அங்குப் பல உண்டு. இயற்பியல் பயில்வோர் அவசியம் அறிய வேண்டிய இடம் டிரினிட்டி.

1945 ஜூலை 16 அன்று விடியற்காலை 5.30 மணிக்கு, 30 மீட்டர் உயரமுள்ள எஃகுக் கோபுரத்தின் உச்சியில் வைத்து உலகின் முதல் அணுகுண்டு அங்கே வெடிக்கப்பட்டது. புளூட்டோனிய அணுக்கள் பிளந்து வெளியிட்ட வெப்பத்தில் பாலை மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியாயிற்று. இன்று அவ்விடத்தில் எரிமலைக் கல்லாலான நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டில் ஓரிரு நாட்கள் மட்டுமே பொதுமக்கள் அதைக் காணலாம்.

அந்தத் தூணை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதி வரலாறுதான் தெரியும். 30 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே மக்கள் வாழ்ந்தனர். மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துக் குடித்தவர்கள் பலர். கதிரியக்கத் தூசியைக் கண்காணிக்க ஆட்களை அனுப்பிய அதிகாரிகள், அம்மக்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் தரவில்லை. வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்ததாகவே அறிவித்தனர். நெவாடாச் சோதனைகளால் பாதிக்கப்பட்டோருக்கு 1990இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. டிரினிட்டியின் அண்டையிலிருந்தோர் அதில் சேர்க்கப்பட்டதோ 2025இல்தான்!

இவ்வரலாறும் அத்தூணின் அருகே கல்லில் பொறிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. நாளை நீங்கள் ஆய்வுக்கூடங்களில் பொறுப்பேற்கும்போது, சோதனைக்கு முன்பே அண்டையில் வாழ்வோரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.