பிடுங்க ஒரு நாள், காப்பாற்ற நாலு நாள்

"பல்லுதானே, பிடுங்கிப் போட்டுட்டுப் போ" என்று சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. நகரத்தில் பல் என்றால் சிரிப்பு, செல்ஃபி, கல்யாண ஆல்பம். எங்கள் தோணிரேவுப் பக்கம் அது தொழில் கருவி. பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை தண்ணீரில் தவழ்ந்து, கையாலேயே இறால் தடவும் பெண்களைப் பாருங்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். படகுக்கு மானிய டீசல் உண்டு. கூடையைத் தாங்கும் பல்லுக்கு? மெடிக்கல் கடை வலி மாத்திரைதான்.

வாயில் தங்கும் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்க, அமிலம் எனாமலை அரிக்கிறது. அப்போது வலிக்காது, அடைத்தால் கொஞ்சம் பணத்தில் முடிந்துவிடும். வலி வரும்போது சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும். பிறகு வேர் சிகிச்சை, மேலே உறை. தனியாரில் பல ஆயிரம். சென்னையில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். பல்லைப் பிடுங்க ஒருமுறை போனால் போதும். காப்பாற்ற நாலு முறை போகணும். நாலு நாள் பாடு போச்சு. அன்றாடங்காய்ச்சியின் கணக்கில் இதற்கு ஒரே விடைதான். என் அத்தை நாற்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களை இழந்தது அப்படித்தான். ஏரி நண்டை எல்லோருக்கும் ஆக்கிப் போடுவார். தனக்கு ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு.

"ஒழுங்கா பல் தேய்ச்சா வருமா?" என்று உபதேசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: பற்பசைக்கும் பிரஷுக்கும் 2025 செப்டம்பர் வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதன்பிறகே 5 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, சுமார் 200 கோடிப் பேருக்கு நிலைப்பற்களில் சொத்தை. இத்தனை பேரும் சோம்பேறிகளா?

வீடு தேடி வர அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையை வாசலில் தருகிறது. சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. அப்படியிருக்க, ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறை பார்த்தால் என்ன? பல் மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருக்கின்றன. அந்த மருத்துவர் மாதம் ஒருநாள், மீன்பாடு முடிந்த மாலையில், அடைக்கும் கருவிகளோடு ஊருக்கு வரட்டும். பல் என்பது அழகுச் சமாச்சாரம் இல்லை. உடம்பின் ஓர் உறுப்பு. உறுப்புக்குரிய மருத்துவத்தைத்தான் கேட்கிறோம், சலுகையை அல்ல.